பெயருக்குப் பின் மூன்று விநாடி

செப்டம்பர் 20, சனி

மதியம் இகெபுக்குரோ ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் செய்தித்தாளின் சிறப்புப் பதிப்பை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒற்றைத் தாள். ஆளுங்கட்சிக்குப் புதிய தலைவர் வந்துவிட்டார். இன்னும் சில நாட்களில் அவரே பிரதமர். கைகள் நாலா பக்கமும் நீண்டன. கொடுத்தவன் எனக்கு முன்னால் நின்றவருக்குக் கொடுத்தான், பின்னால் நின்றவருக்கும் கொடுத்தான். எனக்குக் கொடுக்கவில்லை. நானும் கை நீட்டவில்லை. நீட்டாதவனுக்குக் கொடுப்பதுதானே மரியாதை?

கீழே கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். ‘விதிகளை மதிக்காத வெளிநாட்டவரிடம் கண்டிப்பு’ என்பது அவருடைய ஐந்து வாக்குறுதிகளில் நான்காவது. இருபத்தெட்டு ஆண்டுகளாக ஜப்பானில் இருக்கிறேன். குப்பையைக்கூடத் தவறான நாளில் வைத்ததில்லை. இருந்தாலும் அந்த நான்காவது வரியை மூன்று முறை படித்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தலைவர் வந்த மறுநாளே மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும் பத்திரிகைகளுக்கு. அதற்குத்தான் எங்கள் நிறுவனம். ஏழாவது மாடியில் நாற்பது தொலைபேசிகள். கணினி ஏதோ ஒரு எண்ணைப் போடும். எடுத்தவரிடம் நாங்கள் தாளில் உள்ளதை எழுத்து மாறாமல் படிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஜப்பானிய அரசியல் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற நான் ஒன்பது ஆண்டுகளாக இந்தத் தாளைப் படிக்கிறேன். பல்கலைக்கழகம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததன் பின்கதையை இந்த நோட்டில் ஏற்கெனவே பலமுறை எழுதியிருக்கிறேன்.

தொலைபேசியில் என் பெயர் மோரி. வேலையில் சேர்ந்த அன்று அப்போதைய மேற்பார்வையாளர் வைத்த பெயர். “சிற்றம்பலம்னு உங்க பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள போன வச்சிடுவாங்க” என்றார், சிரித்துக்கொண்டே. ஒன்பது ஆண்டுகளாக அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இன்று மோரியாக அறுபது பேரைப் பிடித்தேன். முப்பத்தொரு பேர் பேசாமலேயே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் சொன்னவற்றில் சில (ஜப்பானியத்தில் பேசியதைத் தமிழில் எழுதும்போது எல்லாரும் மன்னார்குடிக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள், என்ன செய்வது):

“யாரு வந்தா என்ன? அரிசி வெல எறங்குமா, அதச் சொல்லு.”

“முகத்துல ஒரு தெளிவு இருக்கு. ஆதரிக்கிறேன். காரணமா? அதான் முகம்னு சொன்னேன்ல.”

“நானா ஓட்டுப் போட்டேன்? கட்சிக்காரங்க அவங்களுக்குள்ள போட்டுக்கிட்டாங்க. இப்ப எங்கிட்ட வந்து புடிச்சிருக்கான்னு கேட்டா? கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு புடிச்சிருக்கான்னு கேக்கற மாதிரி இருக்கு.”

“வெளிநாட்டுக்காரங்க விஷயத்துல கண்டிப்பா இருப்பாரு போல. நல்லதுதான். என்ன சொல்றீங்க மோரி-சான்?” மோரி-சான், அதாவது மோரி அவர்கள், எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. மோரி-சான் அடுத்த கேள்விக்குப் போனார்.

வீட்டில் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் எத்தனை பேர் என்பது முதல் கேள்வி. இன்றும் பாதிப் பேர் ‘ஒருத்தர்’ என்றார்கள்.

வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் ஒனோதெரா-சானிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், எதற்கும் முகம் மாறாத பெண்மணி. “அடுத்த வாரம் இதே கேள்விகளை மறுபடி கேட்கப் போகிறோம் இல்லையா? அப்போது என் சொந்தப் பெயரில் பேச விரும்புகிறேன்” என்றேன். மறுப்பார், அப்போது சொல்லலாம் என்று நான்கு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன்.

“தாராளமா” என்றார். “மோரிங்கறது உங்க அம்மா வழிப் பேரோ என்னமோன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

நான்கு வாக்கியங்களையும் அப்படியே சுமந்துகொண்டு வீடு வந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடுமுறை. போர்வைகளைக் காயப்போட்டேன். சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது. நிஷி-கசாயில் நம் ஊர்க் கடை இருக்கிறது. ஆனால் அங்கே போனால் தமிழ்ச் சங்கத்துக்காரர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். பொங்கல் விழாவில் எனக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு மூன்றாவது நிமிடத்தில் மைக்கை வாங்கியவர்கள். பொடியில்லாமலேயே சமைத்தேன்.

முடிவெட்டப் போனேன். முடிதிருத்துபவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, “பத்து வருஷத்துல எத்தன தலைவரப் பாத்தாச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரி முடி. அதுலயாவது ஏதாவது புதுசா செய்யக் கூடாதா?” என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாரா, அவரைப் பார்த்துச் சொன்னாரா என்று கண்ணாடியில் தெரியவில்லை.

மகள் மயூரிக்கு இருபத்திரண்டு வயது ஆகிவிட்டது. ஒசாகாவில் வேலை. பிப்ரவரியில் பேசியதுதான் கடைசி. “எல்லாத்துக்கும் ஜப்பான்காரங்கள குத்தம் சொல்லாதீங்கப்பா” என்றாள். “நீ இப்போது அவர்களில் ஒருத்தி, அப்படித்தான் சொல்வாய்” என்றேன். அவளும் அவள் அம்மாவும் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டார்கள். நான் வாங்கவில்லை. ஆகவே அவள் ஓட்டுப் போடுவாள், நான் மற்றவர்களிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்பேன்.

செப்டம்பர் 27, சனி

சிற்றம்பலமாக முதல் நாள்.

காலையில் வெந்நீர் குடித்தேன். “வணக்கம். நாளிதழின் சார்பில் கருத்துக்கணிப்புக்காக அழைக்கிறேன். என் பெயர் சிற்றம்பலம்.” ஜப்பானிய நாக்குக்கு அது ‘சித்தோராம்பாராமு’. முதல் அழைப்பிலேயே வைத்துவிட்டார்கள். இரண்டாவதும். எனக்கு ஒருவித நிம்மதி வந்தது, சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

ஒரு கிழவி மட்டும், “என்னது? மெதுவாச் சொல்லுங்க” என்றாள். சொன்னேன். “சித்… தோ… இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்” என்றாள். தொலைபேசியில் பேசக் கண்ணாடி எதற்கு என்று தெரியவில்லை. காகிதத்தில் எழுதிப் பார்த்திருப்பாள் போல. அவளே மூன்று முறை சொல்லிப் பார்த்து, நாலாவது முறை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிட்டாள். புதிய தலைவரைப் பற்றித் ‘தெரியாது’ என்று பதில் சொன்னாள். வீட்டில் ஒருவர்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அவொமோரியில் ஓர் ஆப்பிள் தோட்டக்காரர். குரலைக் கேட்டால் எழுபது இருக்கும்.

“ஆதரிக்கிறேன். பலமா ஆதரிக்கிறேன்னு போட்டுக்கோ.”

காரணம் கேட்டேன். ஐந்து விடைகளைப் படித்துக் காட்டினேன்.

“அந்த அஞ்சும் வேணாம். இந்த வெளிநாட்டுக்காரங்கள ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரணும். அதுக்குத்தான். ஆமா, ஒன் பேரு என்னன்னு சொன்ன? அது எந்த ஊருப் பேரு?”

“மன்னிக்கவும், அடுத்த கேள்விக்குப் போகலாமா?”

“இந்தியாவா? குரல்ல தெரியல, பேருல தெரியுது. இங்க குளிர் தாங்குதா? நான் சொன்னது ஒன்ன மாதிரி ஆளுங்கள இல்லப்பா. நீ என்ன, போன்ல ஒக்காந்து வேல பாக்கற. தோட்டத்துல ரெண்டு வியட்நாம் பசங்க இருக்காங்க, அவங்களயும் சொல்லல. அவங்க இல்லன்னா ஆப்பிள் மரத்துலயேதான் இருக்கும்.”

“அப்படியென்றால் யாரைச் சொல்கிறீர்கள்?” கேட்டுவிட்டேன். தாளில் இல்லாத கேள்வி.

“டிவில காட்டுறாங்களே, அவங்கள” என்றார். பிறகு இருபது நிமிடம் மழையைப் பற்றிப் பேசினார். அழைப்பு நீண்டால் எரியும் மேற்பார்வை விளக்கு எரிந்தபிறகுதான் நான் வைத்தேன்.

இரண்டு நாள் கணக்கைத் தனித்தாளில் எழுதினேன். பிடித்தவர்கள்: 122. பெயரைக் கேட்டபின் வைத்தவர்கள்: 68. ‘பெயரைக் கேட்டபின்’ என்பதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். என் பெயர் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. ஆகவே வைத்தவர்கள் எல்லாருமே பெயரைக் கேட்டபின் வைத்தவர்கள்தான். இதில் பொய் ஒன்றுமில்லை.

மோரியின் கணக்கு அந்தத் தாளில் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

தாளை ஒனோதெரா-சானின் மேசையில் வைத்தேன். மேலே ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘புதிய தலைவருக்கு மக்களின் உண்மையான எதிர்வினை.’ படமெடுத்து மயூரிக்கும் அனுப்பினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

பதில் இல்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். எட்டுச் சட்டை.

அக்டோபர் 1, புதன்

காலையில் ஒனோதெரா-சான் என்னைத் தனியறைக்கு அழைத்துத் தலை தாழ்த்தி வணங்கினார். நீண்ட வணக்கம். அவர் உச்சியில் இரண்டு நரைமுடி தெரிந்தது. “உங்கள இப்படி ஒரு நிலைமைல உக்கார வச்சது எங்க தப்பு” என்றார். பல்கலைக்கழகத்தில் யாரும் எனக்கு இப்படித் தலை தாழ்த்தியதில்லை. என் கண் கலங்கியது என்றால் அது அறையின் குளிரூட்டியால்.

“நாளைலேருந்து நீங்க போன் பேச வேணாம். உள்ளறைல பதிவுகளக் கேட்டு எழுதற வேல. யாரும் உங்கள எதுவும் சொல்ல மாட்டாங்க.”

“நான் அதைக் கேட்கவில்லையே” என்றேன்.

“நீங்க கேக்க மாட்டீங்க. அதனாலதான் நாங்களே செய்யறோம்.”

உள்ளறைக்கு ஜன்னல் இல்லை.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது மயூரி அழைத்தாள். எட்டு மாதம்.

“அப்பா. அந்தத் தாளப் பாத்தேன்.”

“ம்.”

“நூத்தி இருபத்திரெண்டுல அறுபத்தெட்டா? பேரக் கேட்டதுமேவா?”

“ம்.”

“நீங்க இத்தன வருஷமா சொன்னப்ப… நான் நம்பலப்பா. நீங்க பெருசாக்கறீங்கன்னு நெனச்சேன். அம்மாகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்.” மூக்கை உறிஞ்சினாள். “ஸாரிப்பா. ஞாயித்துக்கிழம வரேன். மதியம் அங்க இருப்பேன்.”

“கீரை வாங்கி வைக்கிறேன்” என்றேன். குழாய் திறந்தே இருந்து அரிசி பாதி தொட்டியில் போயிருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

கணிப்பை வெளியிடும் நாளிதழிலிருந்து சுகுடா என்ற நிருபர் வந்தார். முப்பது வயது. ஒனோதெரா-சான் தாளைக் காட்டியிருக்கிறார். ‘தொலைபேசியின் மறுமுனை’ என்ற பெயரில் திங்கட்கிழமை ஒரு பத்தி போடப் போகிறாராம். புதிய தலைவர் வந்த வாரத்தில் ஒரு வெளிநாட்டுப் பெயருக்கு நாடு என்ன பதில் சொன்னது என்று.

நன்றாகக் கேட்டார். நானும் நன்றாகப் பேசினேன், பல்கலைக்கழகக் கதை உட்பட. முடிவில் பேனாவை மூடிக்கொண்டே, “ஒரு சின்ன விஷயம். ஜப்பானியப் பேர்ல பேசறவங்களுக்கு எத்தன பேர் போன வச்சிடுவாங்க?” என்றார்.

“குறைவு” என்றேன்.

“ரொம்பவா?”

“ரொம்ப.”

எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

உள்ளறை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பதிவுகளைக் கேட்டு, விடைகளில் அடங்காத பதில்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். காலை முழுக்க யார் யாரோ பேசினார்கள். சக ஊழியர்களின் அழைப்புகள். அசல் ஜப்பானியப் பெயர்கள். ‘டக்’, ‘டக்’ என்று வைத்துக்கொண்டே போனார்கள். எண்ண வேண்டாம் என்று நினைத்தேன். எண்ணினேன். பாதிக்குக் கொஞ்சம் மேல்.

மதியத்துக்கு மேல் என் குரலே வந்தது.

என் குரலை நான் முன்பு கேட்டதில்லை. “என் பெயர் சிற்றம்பலம்” என்று சொல்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. தாளில் அங்கே நிறுத்தம் கிடையாது. பெயர் முடிந்த கையோடு ‘தாங்கள் சற்று நேரம் ஒதுக்க முடியுமா’ என்று போக வேண்டும். திரையில் நேரம் ஓடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று விநாடி. மூச்சு மட்டும் கேட்கிறது. அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பவனின் மூச்சு. “ஹலோ? ஹலோ?” என்கிறாள் ஒரு பெண். பின்னால் குழந்தை அழுகிறது. “யாருங்க? கேக்கலயே?” வைத்துவிடுகிறாள்.

அவளை நான் அறுபத்தெட்டில் சேர்த்திருக்கிறேன்.

அடுத்தது. “என் பெயர் சிற்றம்பலம்.” மூன்று விநாடி. “லைன் கட்டாயிடுச்சு போலிருக்கு” என்று ஓர் ஆண் குரல் வீட்டுக்குள் யாரிடமோ சொல்கிறது. டக்.

நாற்பத்தோரு அழைப்புகள் கேட்டேன். பெயருக்காகவே வைத்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது ஒன்று. “வெளிநாட்டுக்காரன் எதுக்குடா எங்க அரசியலக் கேக்கற?” என்று கத்திவிட்டு வைத்தான். மறுபடி மறுபடி அந்த ஒன்றையே போட்டுக் கேட்டேன். எத்தனை முறை கேட்டாலும் ஒன்றுதான்.

கீரை வாங்கினேன். கடையில் ஒரே கட்டுதான் இருந்தது.

அக்டோபர் 4, சனி

காலை முழுவதும் காரணங்கள் யோசித்தேன். ஒருவன் கத்தியதும் உண்மைதானே. பல்கலைக்கழகம் உண்மைதானே. பத்தியில் வரப்போவது என் வாழ்க்கைக்குப் பொருந்தாத பொய்யா? மொத்தத்தில் சரி, எண்ணிக்கையில் மட்டும் பிழை. ஆய்வுக் கட்டுரைகளில் இதைவிட மோசமானவற்றைப் பார்த்திருக்கிறேன். அத்துடன் நாளை மயூரி வருகிறாள். அவள் வருவது எனக்காக அல்ல, அந்தத் தாளுக்காக. தாள் இல்லையென்றால் வருவாளா?

பதினொரு மணிக்குச் சுகுடாவை அழைத்தேன். “பத்தியை நிறுத்துங்கள். மற்றவர்களுக்கும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான்” என்றேன்.

“சித்தோராம்பாராமு-சான், யாராவது உங்கள மெரட்டினாங்களா?”

“இல்லை. நான்தான் உங்களிடம் பொய் சொன்னேன்.”

“புரியுது” என்றார், மிக மரியாதையாக. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பிறகு அலுவலகம் போய் ஒனோதெரா-சானிடம் சொன்னேன். அவர் இழுப்பறையைத் திறந்து மோரியின் கணக்கை எடுத்து மேசையில் வைத்தார். 60, 31. அவர் கையெழுத்திலேயே.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தாள் எங்கிட்டதானே இருந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்கல. பாத்தா உங்கள நம்பலன்னு ஆயிடுமே.” இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்து, “இப்பத்தான் பாக்கறேன்” என்றார்.

“என்னை மறுபடி தொலைபேசியில் போடுங்கள்” என்றேன். ஒன்பது ஆண்டுகளில் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அந்த நாற்பது தொலைபேசிகள் இல்லாவிட்டால் ஒரு வாரம் முழுக்க நான் யாருடனும் பேச வேண்டிய அவசியமே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

“யோசிச்சு சொல்றேன்” என்றார். இந்த நாட்டில் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

மயூரிக்குச் செய்தியில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை தட்டச்சு செய்து அழித்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். வாசலில் காலணியைக் கழற்றி, அவள் அம்மாவைப் போலவே நுனி வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

சாப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். சாப்பிட்டபின் சொன்னால் சோறு போட்டு ஏமாற்றியதாகிவிடும். தாள், மோரி, மூன்று விநாடி, சுகுடா, எல்லாம். உட்கார்ந்து கேட்டாள். கீரை ஆறிப்போனது.

“நான் அந்தத் தாளப் பாத்து ஆஃபீஸ் பாத்ரூம்ல அழுதேன், தெரியுமா?”

“தெரியாது.”

“அம்மாகிட்ட சண்ட போட்டேன். ‘அப்பா சொன்னதெல்லாம் நெஜம், நாமதான் அவர விட்டுட்டு வந்தோம்’னு கத்தினேன். அம்மா போன வச்சிட்டாங்க.”

“அவளுக்கு நான் கடிதம் எழுதுகிறேன்.”

“ஐயோ, எழுதாதீங்க. நீங்க எழுதினா பதினாறு பக்கம் வரும். அதுல பதினஞ்சு யுனிவர்சிட்டியப் பத்தி இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“நாங்க போனது ஜப்பான்காரங்களால இல்லப்பா. இந்த வீட்டுக்குள்ள தெனம் ஒரு கேஸ் நடந்துச்சு. நானும் அம்மாவும் தெனம் சாட்சி சொல்லணும். நீங்க சொல்றதுதான் சரின்னு. அது முடியல.”

மறுத்துப் பேச என்னிடம் நிறைய இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பேசவில்லை.

ஆறிய கீரையைப் போட்டுச் சாப்பிட்டாள். உப்பு இல்லை என்றாள். அப்புறம், “அந்தக் கத்தினவன் என்ன சொன்னான்?” என்று கேட்டாள். சொன்னேன். “அது மோசம்தான்” என்றாள். “வேற யாரெல்லாம் பேசினாங்க?” கிழவியையும் ஆப்பிள்காரரையும் சொன்னேன். ஆப்பிள்காரரைப் போலவே பேசிக் காட்டினேன். அப்போது ஒரே ஒரு முறை சிரித்தாள். “நான் அந்தத் தலைவருக்கு எதிராத்தான் போடுவேன், தேர்தல் வந்தா. ஆனா அந்தத் தாத்தாவ எனக்குப் புடிச்சிருக்கு” என்றாள். யாருக்குப் போடுவாள் என்று என் மகள் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

நான்கு மணிக்குக் கிளம்பினாள். நிலையம் வரை நடந்தோம். அவள் முன்னால், நான் ஒரு எட்டுப் பின்னால். டிக்கெட் கதவுக்கு முன்னால் நின்று, “மறுபடி எப்போ வருவே?” என்று கேட்டேன்.

“பாக்கலாம்ப்பா” என்றாள்.

அவள் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். அந்த நாட்களில் அந்த ஒரு சொல்லுக்காக நான் விடியும்வரை சண்டை போட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றால் என்ன பொருள், வருவாயா மாட்டாயா, எதற்கு மறைக்கிறாய் என்று.

“சரிம்மா” என்றேன்.